ஆண்கள் நுழையக் கூடாது

"சாவி இல்ல மேடம்" என்றார் பதிவறை குமாஸ்தா.

இல்லையென்றால் எங்கே போயிற்று என்று பேராசிரியை கேட்டாள். குமாஸ்தா மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தார், கீழே தன் செருப்பைப் பார்த்தார். எங்கே போயிற்று என்று தெரிந்தால் அதற்குத் தொலைந்து போனது என்று பெயரா என்று திருப்பிக் கேட்டார்.

அவளுக்கோ அவசரம். மாநகராட்சிப் பழைய கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்தது அந்தப் பதிவறை. நீளத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் 'ஆண்கள்' என்று பலகை போட்ட கழிப்பறை. அங்கே போவதும் வருவதும் குழாயைத் திறப்பதும் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொள்வதுமாக ஜே ஜே என்று கூட்டம். மறு கோடியில் 'பெண்கள்' என்று பலகை. அந்தக் கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு, பூட்டின் மேல் துரு, துருவின் மேல் சிலந்திவலை.

"அப்ப இங்க வேலை பாக்கிற பொம்பளைங்க எல்லாம் என்ன பண்றாங்க?"

"அவங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே மேடம்" என்றார் குமாஸ்தா. அவர் குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. பேராசிரியைக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது அந்த ஆச்சரியத்தைப் பார்த்துத்தான்.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. இந்த வேலையை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அது அவளோடு பேருந்தில் ஏறி, அவளோடு இறங்கிக்கொண்டிருந்தது. நகரம் மாநகராட்சியாகி நூறு வருடம் ஆகிறதென்று ஒரு பெரிய மலர் போடுகிறார்கள். மேயர்கள், சாலைகள், சந்தைகள், சாக்கடைகள் என்று ஏகப்பட்ட அத்தியாயங்கள். 'தெருவிளக்குகள்' என்ற அத்தியாயத்துக்கும் 'நாய் பிடிக்கும் பிரிவு' என்ற அத்தியாயத்துக்கும் நடுவே 'பெண்கள்' என்று நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நாய்களுக்கு ஆறு பக்கம், படங்களோடு.

கல்லூரியைத் தவிர எல்லோரும் அவளைப் பேராசிரியை என்றே அழைத்தார்கள். கல்லூரி மட்டும் 'தற்காலிகம்' என்று அழைத்தது. மலர்க்குழுத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, "ரெண்டு மூணு நல்ல பொம்பளையாப் பாத்து எழுதிக் குடுங்க" என்றார், கடையில் கத்தரிக்காய் பொறுக்கச் சொல்வது போல. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த நான்கு பக்கத்தையும் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கம்பெனியின் விளம்பரத்துக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார்.

நல்ல பெண்கள் அவளுக்கு வேண்டாம். இந்த ஊரின் நீர்த்தேக்கத்துக்கு மண் சுமந்தது யார், இங்கே பிறந்த பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியது யார், தெருக்குழாய் கேட்டு மாநகராட்சி வாசலில் குடத்தோடு உட்கார்ந்தது யார் என்பதெல்லாம் வேண்டும். அவர்களுடைய பெயர் வேண்டும். நான்கே பக்கம்தான் என்றாலும் அந்த நான்கு பக்கத்தில் அவர்கள் நின்றே ஆக வேண்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

வந்த முதல் நாளே பதிவேட்டில் எல்லாம் அகப்பட்டது. மருத்துவச்சிகளின் சம்பளத் தகராறு. துப்புரவுப் பெண்களின் வேலைநிறுத்தம். கணவனை இழந்த பெண்கள் சேர்ந்து தெருக்குழாய் கேட்டுப் போட்ட மனு. பெண்பிள்ளைகள் பள்ளிக்கு இடம் தர மறுத்த கதை. விரல் வைத்துப் படிக்கப் படிக்க அவள் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். பிறகுதான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்பு மையில் 'அழிக்கப்பட்டது' என்று எழுதி, கீழே ஒரே ஒரு கையெழுத்து, அடித்தொண்டையில் அதட்டுவது போன்ற பெரிய கையெழுத்து.

"பெரிய மேடம்" என்றார் குமாஸ்தா, அனிச்சையாக முதுகை நிமிர்த்திக்கொண்டு. இங்கே கண்காணிப்பாளராக இருந்தவர், ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, அவர் இருந்த காலத்தில் இந்தத் தாழ்வாரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னார். அதோடு விதியையும் விளக்கினார். சாலை, கட்டடம், சாக்கடை இவையெல்லாம் நிரந்தரப் பதிவுகள், யாரும் தொட முடியாது. மனு, சம்பளம், புகார் இவையெல்லாம் சில்லறை. பத்து வருடம் ஆனால் கழித்துவிட வேண்டும்.

"பொம்பளைங்க விஷயம் எல்லாம் அந்தச் சில்லறையிலதான் மேடம் வரும்."

ஆக, சாக்கடைக்கு ஆயுள் கெட்டி. பெண்ணுக்குப் பத்து வருடம். அந்த விதியைப் போட்டவன் யாரோ, எந்தக் காலத்து ஆசாமியோ. ஆனால் ஒரு பெண்ணே நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்பு மையைத் தொட்டுத் தொட்டு, ஒன்று விடாமல் அழித்துத் தள்ளியிருக்கிறாள் என்பதைத்தான் பேராசிரியையால் தாங்க முடியவில்லை.

மிச்சம் மீதி ஏதாவது தப்பியிருக்கும் என்று அவள் மற்ற கட்டுகளில் தேட ஆரம்பித்தாள். தேடத் தேட அடிவயிறு முட்டியது. டைப்பிஸ்ட் பெண் ஒருத்திதான் அவள் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, கையைப் பிடித்துச் சாலைக்கு எதிரே இருந்த வங்கிக்கு அழைத்துப் போனாள். அங்கே கணக்கு வைத்திருப்பவர்களைத்தான் கழிப்பறைக்குள் விடுவார்களாம். அதனால் பதிவறைப் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த வங்கியில் சேமிப்புக் கணக்கு உண்டு. பேராசிரியையும் முண்டியடித்துக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிக் கணக்குத் தொடங்கினாள். காரணம் என்ற இடத்தில் 'எதிர்கால நலன்' என்று எழுதினாள்.

சாலையைக் கடந்து, வரிசையில் நின்று, மறுபடி சாலையைக் கடந்து வருவதற்குள் வாசிப்பறையை உணவு இடைவேளைக்காகப் பூட்டிவிடுவார்கள். இப்படியே அரை அரை நாளாக நாட்கள் ஓடின. வீட்டில் கணவரிடம் புலம்பியபோது, அங்கே போகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் போனால் என்ன என்று அவர் மிகுந்த அக்கறையோடு யோசனை சொன்னார். அன்று அவரே தோசை சுட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று.

மறுநாள் அவள் எழுத்து மூலம் புகார் கொடுத்தாள். உடனே நடவடிக்கை எடுத்தார்கள். வாசலில் ஒரு புது அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'இப்பதிவறைக்கு வருகை தரும் மகளிர் தங்கள் தேவைகளை இல்லத்திலேயே முடித்துக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

அதைக் கிழித்துக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே கமிஷனரிடம் போனாள்.

கமிஷனர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். உதவிப் பொறியாளர் வரைபடத்தை விரித்து, அந்த இடத்தில் மகளிர் கழிப்பறையே கிடையாது, அது பதிவு வைப்பறை என்றார். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் காகிதக் கட்டுகள் இருக்கின்றனவாம், அதற்கு முறையான ஆணையும் இருக்கிறதாம். ஆணையைக் கொண்டுவந்து காட்டினார்.

'மகளிர் கழிப்பறை இன்று முதல் பதிவு வைப்பறையாகப் பயன்படுத்தப்படும். எக்காரணம் கொண்டும் ஆண் ஊழியர் எவரும் இதனுள் நுழையக் கூடாது.' கீழே அதே கையெழுத்து. பெரிய மேடம்.

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு. "பொம்பளைங்க போக முடியாது, ஆம்பளைங்க போகக் கூடாது. பின்ன யாருக்கு, பேய்க்கா?" என்று கேட்டாள். கமிஷனர் "அப்படியா" என்றார்.

அன்று சாயங்காலமே அவள் தீர்மானித்துவிட்டாள். ஊரின் பெண்களைப் பற்றி எழுத ஒரு தாள் இல்லாமல் போனால் போகட்டும். அவர்களைத் துடைத்து எடுத்த அந்தக் கையைப் பற்றி எழுதுவது. பெண்களின் வரலாற்றை அழித்தாள், பெண்களின் கழிப்பறையையும் அடைத்தாள். இதைவிட என்ன வேண்டும்? பேனா தன்னால் ஓடியது.

இதற்கிடையே கமிஷனருக்கு நூற்றாண்டு விழாவில் திறந்து வைக்க ஏதாவது தேவைப்பட்டது. மற்றதெல்லாம் பாதியில் நின்றதால் மகளிர் கழிப்பறை என்று முடிவாகி, பூட்டை உடைக்க உத்தரவு வந்தது.

பூட்டை உடைத்தார்கள். உடைத்த ஆட்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். மூட்டை மூட்டையாகச் சுமை தூக்கிப் பழகியவர்கள், 'பெண்கள்' என்ற பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெளிந்தார்கள். யாரும் உள்ளே இல்லை, வருடக்கணக்காக யாரும் போனதில்லை என்று டைப்பிஸ்ட் அடித்துச் சொன்னாள். இருந்தாலும் ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் திருகாணியைக் கழற்றிப் பலகையை இறக்கி வைத்த பிறகுதான் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை கட்டுகள். பீங்கானின் மேலேயும் கட்டுகள். ஒவ்வொன்றிலும் தடித்த அட்டை, அட்டையில் கொட்டை எழுத்தில் 'சாக்கடை - நிரந்தரம்'. சாக்கடை, வடக்குப் பகுதி. சாக்கடை, தெற்குப் பகுதி. சாக்கடை அடைப்பு. சாக்கடை மூடி.

எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் அடுக்கினார்கள். வழியை அடைக்கிறது, தீப்பிடித்தால் என்னாவது என்று உதவிப் பொறியாளர் குதித்தார். உடனே அத்தனையையும் வாசிப்பறைக்குள் கொட்டினார்கள். 'வாசிப்பறை மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது' என்று ஒட்டினார்கள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியை குமாஸ்தாவின் மேசையில் கையால் அடித்துக் கத்தினாள். அவள் கத்தலுக்குப் பயந்து, தற்காலிக ஏற்பாடாக, மகளிர் கழிப்பறையில் புது ஓடு பதிக்கும் வேலை தொடங்கியிருந்ததால், குமாஸ்தா கட்டுகளை மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு மாற்றினார். அது ஆண்கள் கழிப்பறை.

அப்போதுதான் நகரத்தில் கழிப்பறைப் பிரச்சினை என்று ஒன்று இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

பெண்கள் வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். ஆண்கள் மதியச் சாப்பாட்டுக்குள் கமிஷனர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மனிதத்தன்மை என்றார்கள், அடிப்படை உரிமை என்றார்கள், ஒருவர் கண் கலங்கினார். வங்கிக்குப் போகலாமே என்று டைப்பிஸ்ட் பணிவாகச் சொன்னதற்கு, "ரோட்டைக் கடந்தா? இந்த வெயில்லயா?" என்று அவள் மேல் பாய்ந்தார்கள். அவசரக் கூட்டம் போட்டார்கள். குழு அமைத்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் தீர்வும் கண்டார்கள்: எல்லாக் கட்டுகளையும் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவது.

ஆனால் சாக்கடை நிரந்தரப் பதிவு. அதைக் கழிக்க வேண்டுமென்றால் வரலாறு தெரிந்த நிபுணர் ஒருவர் பார்த்து, மதிப்பு இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். நிபுணருக்கு எங்கே போவது என்று குமாஸ்தா விழித்தார். பிறகு எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பேராசிரியை பக்கம் திரும்பின.

அவளை யாரும் நிபுணர் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கடமை தவறக் கூடாதென்று அவள் கட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆண்கள் கழிப்பறைக்குள் அவள் நுழைய வெளியே ஏழெட்டுப் பேர் காலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள். முதல் கட்டைப் பிரித்தாள். சாக்கடைச் சரிவு, குழாய் விட்டம், செங்கல் கணக்கு. இரண்டாவதைப் பிரித்தாள். அதுவும் செங்கல் கணக்கு. மூன்றாவதில் முடிச்சு பல்லால் கடித்தாலும் வராதபடி இறுகிக் கிடந்தது. யாருக்காக இப்படி இறுக்கினார்களோ என்று நகம் உடைந்த எரிச்சலில் முணுமுணுத்தாள்.

"சாக்கடைன்னா சாக்கடைதான் மேடம். உள்ள வேற என்ன இருந்துடப் போகுது?" என்றார் குமாஸ்தா.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவளுக்கும் முட்டிக்கொண்டுதான் இருந்தது. கூரை வரை நின்ற அந்தக் குவியலை அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு, ஆத்திரத்தில்.

"ஆம்பளைங்க கட்டின சாக்கடைக்கு இத்தனை காகிதம். இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு தாள் இல்ல. கொண்டாங்க பேனாவை."

'வரலாற்று மதிப்பு ஏதுமில்லை' என்ற வரிக்குக் கீழே, தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். லாரி அன்றைக்கே வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. தாழ்வாரமே கை தட்டியது.

அந்த வாரமே நான்கு பக்கத்தையும் முடித்துக் கொடுத்தாள். கையெழுத்தை, சிவப்பு மையை, பூட்டை, ஆணையை, ஒன்றையும் விடவில்லை. மலர்க்குழுத் தலைவர் படித்துவிட்டு, பெண்களே பெண்களுக்குக் குழி பறித்ததை அருமையாக எழுதிவிட்டீர்கள், எங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று மகிழ்ந்துபோனார். அந்தப் பாராட்டு அவளுக்கு முள்ளாகக் குத்தியது. ஆனால் மலர் அச்சுக்குப் போய்விட்டது.

ஒன்று பாக்கி இருந்தது. டைப்பிஸ்டிடம் எண் வாங்கிப் பெரிய மேடத்தைத் தொலைபேசியில் பிடித்தாள். கழிப்பறையைத் திறந்துவிட்டோம், விழாவுக்கு அவசியம் வர வேண்டும், வந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொன்னாள். 

"திறந்துட்டீங்களா? பொம்பளைதானே திறந்தது?"

"ஆமா. நான்தான்."

"என்னிக்காவது ஒருத்தி வந்து கேப்பான்னு எனக்குத் தெரியும். வர்றேம்மா" என்றது குரல். குற்ற உணர்ச்சி துளியும் இல்லாத குரல். பேராசிரியை தொலைபேசியை டக்கென்று வைத்தாள். இப்படியும் ஒரு நெஞ்சழுத்தமா?

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. மகளிர் கழிப்பறையின் ரிப்பனைக் கமிஷனர் வெட்டினார். மலர்க்குழுத் தலைவர் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நின்றார், உதவிப் பொறியாளர் கை தட்டினார். கல்வெட்டில் மூன்று பேருடைய பெயரும் இருந்தது. படம் எடுக்கும்போது பெண்களைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். கூட்டம் கலைந்து சிற்றுண்டிப் பக்கம் நகர்ந்த பிறகு, வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

வெள்ளைத் தலை, தங்க ஃபிரேம் கண்ணாடி, விறைப்பான பருத்திப் புடவை. பெரிய மேடம் நடந்து வரும்போதே குமாஸ்தா கையிலிருந்த தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மேடம் யாரையும் பார்க்கவில்லை. நேரே பெண்கள் பலகைக்குக் கீழே நுழைந்தார். பேராசிரியை பின்னாலேயே போனாள். இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

புது ஓடு பளபளத்தது. மருந்து வாசனை மூக்கைத் துளைத்தது. பெரிய மேடம் நான்கு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க இருந்த கட்டு எல்லாம் எங்கம்மா வெச்சிருக்கீங்க?"

"சாக்கடைக் கட்டா? ஆலைக்குப் போயாச்சு" என்றாள் பேராசிரியை. இதுவரை சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் குரலில் இறங்கியது. நிபுணர் கையெழுத்து வேண்டும் என்றார்கள், தானே போட்டுக் கொடுத்தேன், இந்நேரம் கூழாகி அட்டைப் பெட்டியாகக்கூட ஆகியிருக்கும் என்றாள். "நீங்க அழிச்சீங்களே, மருத்துவச்சிங்க, குழாய் கேட்டவங்க, வேலைநிறுத்தம் பண்ணினவங்க. அவங்க காகிதத்துல ஒண்ணையாவது இந்த மாதிரிப் பூட்டி வெச்சிருக்கலாம் நீங்க."

பெரிய மேடம் கையை நீட்டி, புது ஓட்டைத் தடவிப் பார்த்தார், அங்கே இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்பது போல. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"அழிச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டதுல ஒண்ணைக்கூட அழிக்கலம்மா, எவனும் பிரிக்கக் கூடாதுன்னு மேல சாக்கடைன்னு எழுதி, நெசச் சாக்கடைக் கட்டும் கொஞ்சம் கலந்து, இந்தக் கட்டடத்துல ஆம்பளை கால் வைக்காத ஒரே ரூம்னு இங்கதான் அத்தனையும் பூட்டி வெச்சிருந்தேன்."